ரிசாலின் இரு புதினங்களில் திருச்சபை: வீராம்பட்டினக் கரையிலிருந்து ஒரு நோக்கு

ஆடித் திங்கள் ஐந்தாம் வெள்ளியன்று வீராம்பட்டினத்தில் செங்கழுநீரம்மன் தேர் ஓடும். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் புதுச்சேரி ஆளுநரே நேரில் வந்து வடம் பிடித்துத் தேரோட்டத்தைத் தொடங்கிவைப்பது மரபாயிருந்தது. ஆட்சி மாறியும் மரபு மாறவில்லை; இக்காலத்தில் துணைநிலை ஆளுநர் அப்பணியைச் செய்து வருகிறார். வெள்ளைக்காரத் துரை எங்கள் அம்மன் தேரை இழுத்தார் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்லும்போது அவர்கள் குரலில் ஒரு பெருமிதம் இருக்கும். அவ்வூருக்கு அண்மையில் சில ஆண்டுகள் ஊழியம் செய்த காலத்தில் நாம் இதைப் பலமுறை கேட்டிருக்கிறோம். கேட்கும்போதெல்லாம் வேறொன்றும் நினைவுக்கு வரும். 1748ஆம் ஆண்டில் நகரின் நடுவே நின்ற வேதபுரீசுவரர் ஆலயத்தை இடித்து நிரவியதும் அதே பிரெஞ்சு ஆட்சிதான். வடம் பிடித்த கையை ஊரார் மறக்கவில்லை. சுத்தியல் பிடித்த கையை ஏடுகளைப் புரட்டுவோர் மட்டுமே அறிவர்.

அந்நிய ஆட்சியின் கீழ் வாழ்ந்துகொண்டே, அவ்வாட்சியையும் அதனோடு கைகோத்து நின்ற திருச்சபையையும் புதினத்தின் வாயிலாக விசாரணைக்கு நிறுத்தியவர் பிலிப்பைன்ஸ் தீவுகளைச் சேர்ந்த ஹோசே ரிசால். 1887இல் பெர்லின் நகரில் அச்சான 'நோலி மெ தாங்ஹெரெ', 1891இல் பெல்ஜியத்தின் கெந்த் நகரில் அச்சான 'எல் பிலிபுஸ்தெரிஸ்மோ' ஆகிய இரண்டும் அவர் எழுதியவை. இவ்விரு நூல்களையும் ஆங்கில மொழிபெயர்ப்பில் நம் மாணவர் சிலரோடு அண்மையில் படித்து முடித்தோம். அப்படிப்பிலிருந்து எழுந்தவையே இக்குறிப்புகள்.

பிலிப்பைன்ஸ் எங்கே, வீராம்பட்டினம் எங்கே என்று வாசகர் வியக்கலாம். அவ்வளவு தொலைவில்லை. 1762இல் ஆங்கிலேயர் மணிலாவைக் கைப்பற்ற அனுப்பிய படை சென்னையிலிருந்தே கப்பலேறியது; அதில் சென்ற நம் சிப்பாய்களில் சிலர் திரும்பி வாராமல் மணிலாவை அடுத்த கைந்தா என்னும் ஊரில் மனைவி மக்களோடு தங்கிவிட்டனர். அவர்தம் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே உளர். மேலும், சயாமிலும் கொச்சின் சீனத்திலும் இடர்ப்பட்டு ஓடிய கத்தோலிக்கக் குருத்துவக் கல்லூரியொன்று 1770இல் அடைக்கலம் புகுந்த இடம் வீராம்பட்டினமே. கீழ்த்திசை நாடுகளின் இளைஞர்கள் இம்மணலில் அமர்ந்து இலத்தீன் இலக்கணம் பயின்றனர். அக்கல்லூரித் தலைவராயிருந்த பிஞ்ஞோ தெ பெயேன் என்னும் பிரெஞ்சுக் குரு, வியட்நாமிய மொழிக்கும் இலத்தீனுக்குமான அகராதியை இங்கிருந்த காலத்தில்தான் உருவாக்கினார். ரோமானிய வணிகத்தின் தடயங்களுக்காக 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த அரிக்கமேட்டுக்குச் செல்வோர், அங்கே நிற்கும் செங்கற் சுவர்களையும் சற்று நின்று பார்ப்பது நன்று. அவை ரோமானியருடையவை அல்ல. பதினெட்டாம் நூற்றாண்டு மிஷன் இல்லத்தின் எச்சங்கள்.

இனி நூல்களுக்கு வருவோம்.

'நோலி மெ தாங்ஹெரெ' என்பது இலத்தீன் திருமறைத் தொடர். 'என்னைத் தொடாதே' என்று உயிர்த்தெழுந்த ஆண்டவர் மகதலேனா மரியாளிடம் கூறியது. யோவான் 20ஆம் அதிகாரத்தில் உள்ள இத்தொடரை, நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் லூக்கா நற்செய்தியிலிருந்து எடுத்ததாக ரிசால் தவறாகக் குறித்துவிட்டார். தேர்வுத்தாளில் நம் மாணவர் இப்பிழை செய்தால் மதிப்பெண் குறைப்போம், ரிசாலுக்கு விட்டுக்கொடுக்கலாம். அவர் தொழிலால் கண் மருத்துவர். தொட்டால் மிகும் கொடிய புண்ணுக்கும் மருத்துவ வழக்கில் இதே பெயர் உண்டு என்பதே அவர் உள்ளத்தில் முந்தி நின்றது. முற்காலத்தார் தம் நோயாளிகளை ஆலயப் படிகளில் கிடத்தி, வருவோர் போவோரிடம் மருந்து கேட்டதுபோல், தம் நாட்டின் புண்ணைத் திறந்து காட்ட முனைவதாக நூலின் முகப்பில் தாய்நாட்டை நோக்கிச் சொல்கிறார்.

கதைத் தலைவன் இபார்ரா. ஏழாண்டுக் காலம் ஐரோப்பாவில் கற்றுத் திரும்பும் அவன், தன் தந்தை சிறையில் மாண்டதையும், பிரான்சிஸ்கன் சபைத் துறவி தாமசோவின் கட்டளைப்படி அவர் சடலம் கல்லறையிலிருந்து தோண்டப்பட்டதையும், சீனர் இடுகாட்டுக்கு எடுத்துச் செல்லும் வழியில் மழைக்கு அஞ்சிய ஆட்கள் அதை ஏரியில் எறிந்துவிட்டதையும் அறிகிறான். அறிந்தும் பழிவாங்க நினைக்கவில்லை. ஊருக்கு ஒரு பள்ளி கட்ட நினைக்கிறான். பள்ளியின் அடிக்கல் நாட்டு விழாவிலேயே அவனைக் கொல்லச் சூழ்ச்சி நடக்கிறது. விருந்தொன்றில் தாமசோ இறந்த தந்தையை மீண்டும் இழித்துரைக்கவே, இபார்ரா பொறுமையிழந்து கத்தியோடு பாய்கிறான், சபைநீக்கம் பெறுகிறான். பின்னர் சல்வி என்னும் மற்றொரு துறவி புனைந்த பொய்க் கலகத்தின் பழி அவன்மேல் விழுகிறது. ஏலியாஸ் என்னும் படகோட்டி அவனைக் காப்பாற்றித் தான் குண்டடிபட்டு மடிகிறான். இபார்ராவுக்கென்று உறுதி செய்யப்பட்ட மரியா கிளாரா கன்னியர் மடம் புகுகிறாள். அவள் உண்மையில் தாமசோவின் மகள் என்பது கதை முடிவில் வெளிப்படும் இரகசியம்.

இச்சுருக்கத்தில் அடங்காத ஒருத்தி உண்டு. அவள் பெயர் சீசா. அவளுடைய சிறுவர் இருவர் கோவிலில் மணியடிக்கும் ஊழியர். காணிக்கைப் பணத்தைத் திருடினார்கள் என்று குற்றஞ்சாட்டப்பட்டு, இளையவன் கிறிஸ்பின் கோபுரத்தினுள்ளே அடித்துக் கொல்லப்படுகிறான். மூத்தவன் பசீலியோ தப்பி ஓடுகிறான். தாய் பித்துப் பிடித்து ஊர் சுற்றுகிறாள்; கிறிஸ்து பிறப்பின் முந்தின இரவில் மகனை அடையாளங்கண்ட அக்கணமே உயிர் விடுகிறாள். மரியா கிளாராவின் துயரத்துக்கு ரிசால் பக்கம் பக்கமாய்ச் செலவிட்டும் நம் நெஞ்சு அசையவில்லை. அவள் அழுவதற்கென்றே படைக்கப்பட்டவளாய்த் தோன்றுகிறாள். சீசாவுக்குச் சில அதிகாரங்களே போதுமாயிருந்தன. கோவில் மணியோசை கேட்கும்போது, அதை அடிக்கும் கை யாருடையது என்று எண்ணிப் பாராத ஆயர் இந்நூலைப் படித்தபின் எண்ணிப் பார்ப்பார்.

இரண்டாம் நூல் பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் தொடங்குகிறது. இறந்தான் என்று கருதப்பட்ட இபார்ரா, சிமோன் என்னும் பெயரில், கறுப்புக் கண்ணாடியணிந்த நகை வணிகனாய்த் திரும்பி வருகிறான். ஆளுநரின் உற்ற துணைவனாகி, ஊழலையும் கொடுமையையும் தூண்டிவிட்டு, மக்கள் பொறுக்கமாட்டாமல் கிளர்ந்தெழ வேண்டும் என்று காத்திருக்கிறான். ஒரு திருமண விருந்தில் வெடிமருந்து நிறைத்த விளக்கை வைத்து ஆளும் வர்க்கம் முழுவதையும் ஒரே நேரத்தில் அழிக்கத் திட்டமிடுகிறான். மணப்பெண்ணை முன்பு நேசித்த இசகானி என்னும் மாணவன், அவள் உயிருக்கு அஞ்சி, விளக்கைத் தூக்கி ஆற்றில் எறிந்துவிடுகிறான். காயமுற்ற சிமோன் கடற்கரையில் வாழும் முதிய குரு புளோரெந்தீனோவின் வீட்டில் அடைக்கலம் புகுந்து, நஞ்சுண்டு, பாவஅறிக்கை செய்து இறக்கிறான். குருவானவர் அவனுடைய நகைப் பேழையைக் கடலில் எறிகிறார். அத்துடன் நூல் முடிகிறது.

இரண்டையும் ஒப்பிடுவோர் வழக்கமாகச் சொல்வது இது: முதல் நூல் சீர்திருத்தம் கேட்கிறது, இரண்டாம் நூல் புரட்சியை எண்ணுகிறது, முதல் நூலில் இளமையும் நகைச்சுவையும் உண்டு, இரண்டாவதில் கசப்பே மிகுதி, ஆகவே கலையழகில் முதலாவதே உயர்ந்தது. கலையழகு பற்றிய தீர்ப்பை நாம் மறுக்கவில்லை. சிமோன் நாடக மேடையிலிருந்து இறங்கி வந்தவன் போலிருக்கிறான். அலெக்சாந்தர் துய்மாவின் 'மாந்தே கிறிஸ்தோ' கோமகனின் நிழல் அவன்மேல் விழுந்திருப்பதை எவரும் காணலாம். (புதுச்சேரி வாசகர் இத்துய்மாவை 1735 முதல் 1741 வரை இங்கே ஆளுநராயிருந்த துய்மாவோடு குழப்பிக்கொள்ள வேண்டா.) ஆயினும் இறையியல் பயில்வோருக்கு இரண்டாம் நூலே ஆழமானது என்பது நம் துணிபு. அதற்குரிய காரணத்தைச் சற்று விரித்துரைக்க வேண்டும்.

முதல் நூலில் தீமைக்கு முகம் உண்டு. தாமசோவின் பருத்த உடல், சல்வியின் மெலிந்த கன்னம், காவற்படை அதிகாரியின் தடி. இவர்களை மாற்றி நல்லவர்களை வைத்தால் புண் ஆறிவிடுமோ என்று வாசகர் நம்புவதற்கு இடமிருக்கிறது. இரண்டாம் நூலில் அந்த நம்பிக்கைக்கு இடமில்லை. தாலெஸ் என்னும் உழவனின் கதையைப் பாருங்கள். காட்டை வெட்டி நிலமாக்குகிறான். அக்காட்டுக் காய்ச்சலுக்கு மனைவியையும் மூத்த மகளையும் பலிகொடுக்கிறான். விளைச்சல் வந்ததும் நிலம் தம்முடையது என்று துறவியர் சபை உரிமை கொண்டாடுகிறது. முதலில் சிறு குத்தகை. பிறகு ஆண்டுதோறும் ஏற்றம். இருநூறு பேசோ கேட்கும்போது அவன் மறுத்து வழக்காடுகிறான், தோற்கிறான். மகள் ஹூலி பணிப்பெண்ணாய்ப் போகிறாள். பின்னர்க் குருவானவர் ஒருவரின் தீய எண்ணத்திலிருந்து தப்ப மடத்துச் சன்னலிலிருந்து குதித்து மாள்கிறாள். தாலெஸ் கொள்ளையனாகிறான். படையில் சேர்ந்த மகன் தாநோ, ஆளை அறியாமல் தன் பாட்டனையே சுட்டுக் கொல்கிறான். இக்குடும்பத்தை அழித்தவர் யார்? ஒரு துறவியின் பெயரைச் சொல்லித் தப்ப முடியாது. குத்தகை ஏடு, நீதிமன்றம், காவற்படை, கோவில் நிருவாகம் எல்லாம் சேர்ந்த ஓர் இயந்திரம் அழித்தது. இதை ரிசால் கற்பனையால் மட்டும் எழுதவில்லை. கலம்பாவில் தொமினிக்கன் சபையாரின் நிலத்தைக் குத்தகைக்கு உழுத அவருடைய சொந்தக் குடும்பம் 1890-91இல் அந்நிலத்திலிருந்து வெளியேற்றப்பட்டது. அந்நாள்களிலேயே இரண்டாம் நூல் எழுதி முடிக்கப்பட்டது.

ஆசிரியத் தொழிலில் இருக்கும் நம்மை இன்னோர் அதிகாரமும் குத்தியது. மணிலாப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் வகுப்பு. அலமாரிக் கண்ணாடிக்குள் அழகிய கருவிகள் இருக்கின்றன, மாணவர் தொடுவதில்லை, பெரிய மனிதர் வரும் நாளில் காட்டுவதற்காக மட்டும் அவை உள்ளன. பாடம் மனப்பாடம், கேள்வி கேட்பவனுக்கு அவமானம். பிளாசிதோ என்னும் மாணவன் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் வெளியேறுகிறான். நம் கல்விச்சாலைகளிலும் பூட்டிய அலமாரிகள் உண்டு. விருந்தினர் வருகையில் திறந்து காட்டப்படும் நூலகங்களை நாம் கண்டிருக்கிறோம். ஒன்றின் சாவி சில காலம் நம் கையிலேயே இருந்தது.

முதல் நூலைத் தாய்நாட்டுக்குப் படைத்த ரிசால் இரண்டாம் நூலை யாருக்குப் படைத்தார் என்பது ஈண்டு கருதத்தக்கது. மரியானோ கோமெஸ், ஹோசே புர்கோஸ், ஹசிந்தோ சமோரா ஆகிய மூன்று நாட்டுக் குருமாருக்கு. கவிதே படைக்கொட்டிலில் நடந்த கலகத்துக்குத் துணைநின்றார்கள் என்ற பழியின்பேரில் 1872ஆம் ஆண்டு பிப்ரவரி 17ஆம் நாள் கழுத்தை நெரித்துக் கொல்லப்பட்டவர்கள் இவர்கள். நாட்டுக் குருமாருக்கும் பங்குகளை ஆளும் உரிமை வேண்டும், துறவியர் சபைகள் எல்லாவற்றையும் தம் கையில் வைத்திருத்தல் கூடாது என்பது புர்கோஸ் முதலானோரின் வழக்கு. ஆகவே திருச்சபையைப் பழித்தவர் என்று பெயர்பெற்ற ரிசால், தம் கடைசிப் புதினத்தைக் குருமாருக்குப் படைத்து, அதன் கடைசிச் சொல்லையும் ஒரு குருவின் வாயில் வைத்தார். 1956இல் இவ்விரு நூல்களையும் பிலிப்பைன்ஸ் கல்விக்கூடங்களில் கட்டாயப் பாடமாக்கும் சட்டம் வந்தபோது கத்தோலிக்க ஆயர்கள் வன்மையாக எதிர்த்தனர். அவர்கள் இம்முகப்புப் பக்கத்தின்மேல் இன்னும் சற்று நேரம் கண்ணை வைத்திருக்கலாம்.

அக்கடைசிச் சொல் என்ன? சிமோன் கேட்கிறான்: ஆண்டவர் ஏன் என் முயற்சியை வாய்க்கச் செய்யவில்லை? புளோரெந்தீனோவின் மறுமொழியின் கருத்து இதுவே: நீ தீமையை வளர்த்து நன்மையை அறுக்க நினைத்தாய், சீரழிவை விதைத்தவன் விடுதலையை விளைவிக்க இயலாது, துன்பமும் உழைப்பும் தகுதியும் இல்லாமல் வரும் விடுதலை நிலைக்காது. நற்செய்திக்கு இசைந்த மறுமொழிதான். நம் வகுப்பில் பெரும்பாலோர் இதோடு நிறைவுற்றனர்.

ஒரு மாணவன் மட்டும் நிறைவுறவில்லை. கடற்கரைக் குப்பமொன்றிலிருந்து வந்தவன், அதிகம் பேசாதவன். "ஐயா, இவ்வளவு நன்றாகப் பேசத் தெரிந்தவர் இத்தனை நாள் எங்கே இருந்தார்?" என்று கேட்டான்.

நாம் நூலைத் திருப்பிப் பார்த்தோம். ரிசால் விடையை முன்னரே எழுதிவைத்திருக்கிறார். தாயின் பொருத்தனைக்காக விருப்பமின்றிக் குருவானவர் புளோரெந்தீனோ. 1872ஆம் ஆண்டு நிகழ்ச்சிக்குப் பின், வருவாய் மிகுந்த தம் பங்கு ஆட்சியாளர் கண்ணை ஈர்க்குமோ என்றஞ்சி, அமைதியே பெரிதென்று பணியிலிருந்து விலகிக்கொண்டார். பசிபிக் கடலோரத்துத் தம் மூதாதையர் நிலத்தில் ஒதுங்கி வாழ்ந்தார். தம் மூன்று உடன்குருக்கள் கழுத்து நெரிக்கப்பட்டபோது வாய் மூடியவர் அவர். தாலெஸின் நிலம் பறிபோனபோதும், ஹூலி குதித்தபோதும், மாணவர் சிறைப்பட்டபோதும் அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய இறையியலில் பிழையில்லை. ஆனால் அதைக் கேட்க எஞ்சியிருந்தவன் சாகும் தறுவாயிலிருந்த ஒரே ஒருவன். இந்த முரணை ரிசால் அறிந்தே வைத்தார் என்று நாம் கருதுகிறோம். நூல் முழுவதிலும் ஒரு நல்ல குருவை அவர் காட்டுகிறார். அந்நல்லவரையும் குற்றத்திலிருந்து விடுவிக்கவில்லை. தாமசோவைப் படித்துவிட்டு, நாம் அப்படிப்பட்டவரல்லர் என்று எந்த ஆயரும் எளிதில் சொல்லிக்கொள்ளலாம். புளோரெந்தீனோவைப் படித்துவிட்டு அப்படிச் சொல்லிக்கொள்வது எளிதன்று.

இங்கே ஒரு தடை எழக்கூடும். இவையெல்லாம் உரோமைத் திருச்சபையின் துறவியரைப் பற்றியவை. சீர்திருத்தத் திருச்சபையினராகிய நமக்கென்ன என்று கேட்போர் உண்டு. பிலிப்பைன்ஸ் தீவுகளில் சீர்திருத்தத் திருச்சபை மிஷனரிகள் பரவலாகப் பணி தொடங்கியது 1898க்குப் பின், அமெரிக்கக் கொடியின் நிழலில் என்பதை இவர்கள் மறந்துவிடுகின்றனர். தரங்கம்பாடியில் 1706இல் வந்திறங்கிய சீகன்பால்கு, அவரை அனுப்பிய அரசனின் கோட்டைத் தலைவனாலேயே சில திங்கள் சிறைவைக்கப்பட்டார் என்பது நமக்குப் பெருமை தரும் வரலாறு. ஆனால் அவருக்குப் பின் வந்த எல்லா மிஷனரிகளும் கோட்டைத் தலைவரோடு முரண்பட்டுச் சிறைசென்றவர்கள் அல்லர்.

மீண்டும் புதுச்சேரிக்கு வருவோம். ரிசாலைப் போல் ஆட்சி நடக்கும்போதே அதை எதிர்த்துப் புதினம் எழுதியவர் இங்கே ஏன் தோன்றவில்லை? நமக்குத் தோன்றும் விடை இது. ஆங்கிலேயருக்கு அஞ்சியவர்களுக்கு இந்நகர் புகலிடமாயிருந்தது. 1908 முதல் 1918 வரை பாரதியார் இங்கேதான் வாழ்ந்தார்; அரவிந்தர் 1910இல் வந்தார். எல்லைக்கு அப்பாலிருந்த சிறையோடு ஒப்பிடுகையில் இப்பக்கம் விடுதலையாகவே தெரிந்தது. எழுதவல்ல பேனாக்கள் எல்லாம் சென்னையை நோக்கியே கூர்தீட்டப்பட்டன. ஆனால் 1936 ஜூலை 30 அன்று ஆலைத் தொழிலாளர் பன்னிருவர் இந்நகரில் சுட்டுக் கொல்லப்பட்டபோது சுட்டது பிரெஞ்சு அரசின் துப்பாக்கியே. 1954 நவம்பர் முதல் நாள் அவ்வாட்சி கைமாறிய பிறகும், அதைப் புதினத்தின் வழி விசாரிக்க இன்னும் பல்லாண்டுகள் கழியவேண்டியிருந்தது.

அவ்விசாரணையைச் செய்தவர் புதுச்சேரியில் 1945இல் பிறந்து 2018இல் மறைந்த பிரபஞ்சன். 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' என்னும் அவருடைய இரு புதினங்களும், பின்னதற்கு 1995ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அக்காதெமி விருது கிடைத்ததும் நம் வாசகர் அறிந்தவை. ரிசாலின் இணைநூல்களைப் போலவே இவையும் இணையாகப் படிக்கத்தக்கவை. முதலாவது ஆளுநர் துய்மாவின் காலம். இரண்டாவது துய்ப்ளேக்சின் காலம். முதலாவது பரந்து செல்கிறது. இரண்டாவதில் வட்டம் சுருங்கி, ஆளுநர் மாளிகையும் அவர் மனைவி ழானும் நம் கண்முன் நெருங்கி நிற்கின்றனர். இரண்டாம் நூலில் காற்று இறுகுவது மணிலாவிலும் இங்கும் ஒன்றுபோலவே நிகழ்கிறது. மன்னர் கதையாகவே வழங்கிவந்த தமிழ் வரலாற்றுப் புதினத்தை மாந்தர் பக்கம் திருப்பியது பிரபஞ்சனின் அருஞ்செயல்.

வேற்றுமையும் பெரிது. ரிசால் தம் நூலுக்கு விலையாக உயிரைக் கொடுத்தார். 1896 டிசம்பர் 30ஆம் நாள் மணிலாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். பிரபஞ்சனுக்கு அந்த இடர் இல்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை. காலம் அவ்வாறு அமைந்தது. நாம் கருதவேண்டிய வேற்றுமை வேறு. ரிசாலின் கதை, காயம்பட்டவனின் கண்வழியே செல்கிறது. பிரபஞ்சனின் கதைக்கு ஊற்றாயிருப்பது ஆனந்தரங்கப் பிள்ளை 1736இல் எழுதத் தொடங்கிய நாட்குறிப்பு. பிள்ளையவர்கள் துபாஷ், பெருவணிகர், ஆளுநரின் அருளால் வளர்ந்தவர். ஆட்சியின் கொடுமையை அவர் பார்த்தார், வருந்தினார், எழுதினார். மறுநாள் காலை ஆளுநரை வணங்கச் சென்றார். காயத்தைக் காட்டும் கண் காயம்பட்டதன்று. இதனால் கோபம் குறைகிறது. ஆனால் நேர்மை மிகுகிறது என்றும் சொல்லத் தோன்றுகிறது. அந்நிய ஆட்சி நம்மவர் கைகளாலும் நடந்தது என்பதை இந்நூல்கள் மறைக்கவில்லை. ரிசாலிடமும் கப்பித்தான் தியாகோ போன்றோர் உண்டு, அவர்கள் கேலிக்குரியோர். துபாஷ் கேலிக்குரியவர் அல்லர். அறிவும் பக்தியும் உள்ளவர். அதனாலேயே நம்மை அதிகம் கலங்கச் செய்கிறார்.

அந்நாட்குறிப்பிலுள்ள இரு செய்திகளை இறையியல் மாணவர் அனைவரும் அருகருகே வைத்துப் படிக்கவேண்டும். ஒன்று 1745ஆம் ஆண்டுக்குரியது. புதுச்சேரியில் கத்தோலிக்கக் கோவிலுக்குள்ளே பறையர் கிறிஸ்தவர்களை மற்றோரிடமிருந்து பிரிக்கும் சுவரொன்று இருந்தது. அம்மக்கள் திரண்டு சென்று, நாங்களும் உங்கள் சீடர்தாமே, எங்களை ஏன் பிரித்து வைக்கிறீர்கள் என்று மூத்த குருவிடம் முறையிட்டனர். அவர் அதை நியாயமென்று ஏற்று, சுவரை இடிக்கச் சொன்னார். உயர்சாதிக் கிறிஸ்தவர் சீறியெழுந்தனர். மற்றொன்று 1748 செப்டம்பர். ஆங்கிலத் தளபதி பொஸ்காவன் நகரை முற்றுகையிட்ட வேளையில், கோவிலை அடுத்திருந்த வேதபுரீசுவரர் ஆலயத்தை இடிக்கத் துய்ப்ளேக்சு ஆணையிட்டார். சேசுசபைக் குரு கேர்து சுத்தியலோடு வந்து, லிங்கத்தைக் காலால் உதைத்து உடைத்தார் என்று பிள்ளை எழுதுகிறார். இதே கேர்துதான் சமற்கிருதத்துக்கும் இலத்தீன், கிரேக்க மொழிகளுக்கும் உள்ள உறவை ஐரோப்பிய அறிஞருக்கு எடுத்துரைத்த முன்னோடிகளில் ஒருவர். நம் மொழிகளை இத்துணை நுட்பமாகக் கற்றவரின் கை அது.

மூன்றே ஆண்டுகள், ஏறக்குறைய ஒரே இடம், ஒரே துறவியர் சபை. ஒரு சுவரை இடித்தது எளியோரின் குரலைக் கேட்டு; மற்றொரு சுவரை இடித்தது ஆட்சியின் வலிமையைச் சார்ந்து. தாமசோவையும் புளோரெந்தீனோவையும் ரிசால் இரு மனிதராகப் பிரித்துக் காட்டினார். புதினத்துக்கு அது தேவை. புதுச்சேரி வரலாறு அவ்வாறு பிரித்துத் தரவில்லை. சுவரை இடித்த செய்தியை மட்டும் எடுத்துக்கொண்டு ஆலயம் இடித்த செய்தியை விட்டுவிடும் திருச்சபை வரலாற்று நூல்களையும், ஆலயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு சுவரை விட்டுவிடும் மேடைப் பேச்சுகளையும் நாம் போதிய அளவு கேட்டாயிற்று. இந்து சமயத்தவரான துபாஷ் இரண்டையும் எழுதிவைத்தார். சாதிச் சுவரை இடித்ததை அவர் மகிழ்ச்சியோடு எழுதினார் என்றும் சொல்வதற்கில்லை.

புளோரெந்தீனோவின் பேழையைப் பற்றி ஒரு செய்தி எஞ்சியிருக்கிறது. நகைகளின் தீமையிலிருந்து மக்களைக் காக்க அவர் அதைக் கடலில் எறிந்தார். மக்களுக்கு ஒரு நல்ல நாளில் தேவைப்படுமானால் கடலே அதைத் திருப்பித் தரட்டும் என்று வேண்டிக்கொண்டார். இக்காட்சியின் அழகை நாம் வகுப்பில் நெடுநேரம் விளக்கினோம். சில நாள் கழித்து, வீராம்பட்டினத்தில் நமக்கு அறிமுகமான மீனவப் பெரியவர் ஒருவரிடம் கதையைச் சுருக்கிச் சொன்னோம். வலையைப் பிரித்துக்கொண்டே கேட்டவர், "அந்தச் சாமியார் கரையில நின்னுதான வீசினாரு? அப்ப அலை கொண்டாந்து போட்டுருக்கும். விடியறதுக்குள்ள எவனாவது எடுத்திருப்பான்" என்றார். பிறகு, "அந்த நகைய வித்து அந்தப் பொண்ணோட அப்பனுக்கு நெலத்த மீட்டுக் குடுத்திருக்கலாமே" என்றும் கேட்டார். தாலெஸின் நிலத்தைப் பற்றி நாம் அவருக்குக் கதையோடு கதையாக ஒருமுறைதான் சொல்லியிருந்தோம்.

அவருக்கு அன்று மறுமொழி சொல்ல இயலவில்லை. அடுத்த வகுப்பில் அக்கேள்வியை அவ்வாறே மாணவர் முன் வைத்தோம். பேழை எறியப்பட்டது சரியென்று ஐவரும் தவறென்று எழுவரும் வாதிட்டனர். மணி அடித்தபின்னும் அவர்கள் எழுந்து போகவில்லை.